துரத்தல் இல்லாத உளவுப் படம்: கொழும்பில் நம்பும்படியான உளவுக் குறும்படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

உளவுப் படம் என்றதும் பலருக்கும் முதலில் மனதில் வருவது துரத்தல் காட்சி. உண்மையான உளவுத் தொழிலில் துரத்தல் வந்துவிட்டால் அந்த வேலை அன்றோடு கெட்டது. ஒருவன் ஓடினாலே அவன் யார் என்பதை ஊருக்குச் சொல்லிவிட்டான். கவர்ச்சியான படம் "இவன் தப்புவானா?" என்று கேட்க வைக்கும். இயல்பான படம் "யாராவது கவனித்துவிட்டார்களா?" என்று கேட்க வைக்கும். இந்த இரண்டாவது கேள்விக்கு வெடிமருந்தும் வேண்டாம், ஹெலிகொப்டரும் வேண்டாம். ஒரு பஸ், ஒரு படிக்கட்டு, இரண்டு நல்ல நடிகர்கள் போதும். ஆகவே கையில் காசு குறைந்த கொழும்புக் குழு ஒன்றுக்கு இது தோதான வகை.

12 முதல் 15 நிமிடம் ஓடும் படம், அதற்கு அதே அளவு பக்கங்கள் கொண்ட திரைக்கதை, 8 பேர் கொண்ட குழு, ஒரு கமரா, மூன்று நாள் படப்பிடிப்பு என்ற கணக்கில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

ஒரே பட்டறையில் செய்த இரண்டு படங்கள்

வேலையைத் தொடங்கும் முன் 1962இல் வந்த முதலாவது ஜேம்ஸ் பொண்ட் படமான 'டாக்டர் நோ'வையும், 1965இல் வந்த 'த இப்க்ரெஸ் ஃபைல்' படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டிலும் தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மன், கலை இயக்குநர் கென் அடம், படத்தொகுப்பாளர் பீட்டர் ஹன்ட். பொண்ட் படங்களின் இசையோடு பெயர் ஒட்டிப்போன ஜோன் பாரிதான் இரண்டாவது படத்துக்கும் இசை. ஆட்கள் பெரும்பாலும் அவர்களேதான், ஆனால் எடுத்த முடிவுகள் வேறு. இரண்டாவது படத்தின் நாயகன் மூக்குக் கண்ணாடி போடுகிறான், சுப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி தள்ளுகிறான், வீட்டில் முட்டை பொரிக்கிறான், மேலதிகாரியிடம் சம்பள உயர்வு பற்றிப் பேசுகிறான். இயல்பு என்பது காசில்லாதவர்களின் கடைசிப் புகலிடம் என்ற எண்ணத்தை இந்த இரண்டு படங்களே உடைத்துவிடும்.

கவர்ச்சி குறைந்த வகை என்று சொல்ல வரவில்லை. தமிழில் 1986இல் வந்த 'விக்ரம்' போன்ற படங்கள் தரும் குதூகலம் தனி. அந்தப் படங்கள் தங்களுக்கென ஓர் உலகத்தைக் கட்டி, அதன் விதிகளுக்குள் ஒழுங்காக நடக்கின்றன. கெடுவது இரண்டையும் கலக்கும்போதுதான். பத்து நிமிடம் நிதானமாக நடந்த கதையில் திடீரென ஒருவன் சைலன்ஸர் துப்பாக்கியை எடுத்தால், அதுவரை சேர்த்த நம்பிக்கை முழுவதும் கரைந்துவிடும். எந்த உலகம் என்று முதல் நாளே முடிவெடுத்து, திரைக்கதையின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படி 1: யார் அதிகாரி, யார் ஏஜென்ட்?

படங்களில் உளவு நிறுவனத்தின் ஊழியனை 'ஏஜென்ட்' என்கிறார்கள். தொழிலில் அவன் அதிகாரி. ஏஜென்ட் என்பவர் எதிர்த்தரப்பில் வேலை செய்துகொண்டே இரகசியத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் ஆள். அதிகாரி அவரைக் கண்டுபிடிக்கிறான், பழகுகிறான், இணங்க வைக்கிறான், வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிறான்.

இந்த வேறுபாடு திரைக்கதையின் மையத்தையே மாற்றும். தூதரகப் பதவியின் மறைவில் இருக்கும் அதிகாரி பிடிபட்டால், 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரைப்படி விரும்பப்படாத ஆள் என அறிவித்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். ஏஜென்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மொஸ்கோவில் ராடர் துறைப் பொறியியலாளராக இருந்த அடொல்ஃப் டொல்கச்சோவ் கதிரையில் இறுக்கிப் பூட்டிய ஒரு சாதாரண பென்டக்ஸ் கமராவால் ஆவணங்களைப் படமெடுத்து அமெரிக்கர்களுக்குக் கொடுத்து வந்தார். 1985இல் பிடிபட்டார், 1986இல் மரண தண்டனை நிறைவேறியது. ஆபத்து யாருடையதோ அவர் பக்கம் கமரா நிற்கட்டும். கோட் போட்ட அதிகாரியைவிட, மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்து உண்ண முடியாமல் இருக்கும் எழுதுவினைஞரின் கைக்குத்தான் அண்மைக்காட்சி தேவை.

படி 2: மறைப்புத் தொழில் உண்மையில் நடக்க வேண்டும்

அதிகாரி வெளியுலகுக்கு என்ன வேலை செய்கிறார்? 'பிசினஸ்' என்று மட்டும் எழுதினால் பாத்திரம் பொய்த்துவிடும். கொழும்புக்குப் பொருத்தமான ஒன்றை எடுப்போம்: வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் தேயிலை கொள்வனவாளர். அவர் ஊர் ஊராகப் போகக் காரணம் உண்டு, துறைமுகத்தோடு தொடர்பு உண்டு, பல நாட்டவரோடு பேச்சும் உண்டு.

அப்படியானால் அந்தத் தொழிலின் விபரம் பிசகக்கூடாது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. 2020 ஏப்ரல் முதல் அது இணையவழியில் நடக்கிறது. ஆகவே இன்றைய கதையில் மண்டபம் நிறைந்த ஆட்கள் விலை கூவும் காட்சி வந்தால் தேயிலைத் துறையிலுள்ள எந்தப் பார்வையாளரும் அந்த இடத்திலேயே படத்தை விட்டுவிடுவார். 2020க்கு முந்தைய கதை என்றால் தாராளமாக வைக்கலாம். ருசி பார்க்கும் காட்சிக்கு 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊற விடுவது சர்வதேசத் தர அளவு. கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்ப வேண்டும். நடிகர் விழுங்கினால் பிழை. ஒரு நாள் முழுவதும் உறிஞ்சவும் துப்பவும் பயிற்சி கொடுங்கள். நடுங்காமல் அதைச் செய்யும் கை, பிறகு பொட்டலம் கைமாறும் நேரத்தில் கொஞ்சம் நடுங்கினால் பார்வையாளருக்கு அது போதும்.

படி 3: ஏன் காட்டிக்கொடுக்கிறார்?

தொழிலில் நான்கு காரணங்களைச் சொல்வார்கள்: பணம், கொள்கை, மிரட்டல், தன்முனைப்பு. ஒன்றை மட்டும் எடுத்தால் பாத்திரம் தட்டையாகும். இரண்டை எடுத்து, ஒன்றை அவர் வாயால் சொல்ல வையுங்கள், மற்றதை மறைக்க வையுங்கள். 'மகளின் படிப்புக்குப் பணம்' என்று சொல்பவருக்கு, பதவி உயர்வில் தன்னைத் தாண்டிப் போன இளையவன் மேல் உள்ள ஆத்திரம் அடியில் கிடக்கலாம்.

பணத்தைக் காட்டுவதானால் கணக்குப் பார்த்துக் காட்டுங்கள். 100 டொலர் தாளில் 10 இலட்சம் டொலர் என்றால் 10,000 தாள், ஏறக்குறைய 10 கிலோ. படங்களில் அதை ஒரு விரலில் தூக்கிக்கொண்டு போவார்கள். 5,000 ரூபாத் தாளில் 10 இலட்சம் ரூபா என்றால் 200 தாள், இரண்டே கட்டு, ஒரு பத்திரிகை மடிப்புக்குள் அடங்கிவிடும். இயல்பான படத்துக்கு இந்த இரண்டு கட்டே அழகு. பணம் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். சி.ஐ.ஏ.யிலிருந்து சோவியத்துக்குத் தகவல் விற்ற ஒல்ட்ரிச் ஏம்ஸ், அரச சம்பளத்தில் இருந்துகொண்டே 5,40,000 டொலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார், ஜகுவார் காரில் வேலைக்கு வந்தார். 1994 பெப்ரவரியில் கைதானார். உங்கள் கதையில் அது ஒரு புதுக் குளிர்சாதனப் பெட்டியாக இருக்கலாம். பக்கத்து வீட்டு அன்ரி வந்து "எவ்வளவுக்கு எடுத்தீங்கள் தம்பி?" என்று கேட்கும் ஒரு வரியில் முழுப் பயத்தையும் வைக்கலாம்.

படி 4: சந்திப்புக்குப் போகும் பாதை

படத்தின் முதுகெலும்பு இதுதான், நேரத்தை இங்கே செலவிடுங்கள். அதிகாரி சந்திப்புக்கு நேரே போவதில்லை. தன்னை யாரும் பின்தொடர்கிறார்களா என்று அறிய, முன்கூட்டியே வகுத்த பாதையில் பல மணி நேரம் சுற்றுவார். இதில் படங்கள் செய்யும் பெரிய பிழை, அதிகாரி பின்தொடர்பவரை உதறிவிட்டு ஓடுவது. உதறினால் சந்தேகம் உறுதியாகிவிடும். உண்மையான நோக்கம் பார்ப்பது மட்டுமே. ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் சந்திப்பைக் கைவிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நேரம் இன்னொரு மூலையில் ஏஜென்ட் காத்திருப்பார், ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது. இதைவிட இறுக்கமான முடிவு உங்கள் படத்துக்குக் கிடைக்காது.

கொழும்பில் ஒரு மாதிரிப் பாதை. மாலை 3 மணிக்குக் கொம்பனித்தெருவில் அலுவலகம். அங்கிருந்து ரயிலில் கோட்டைக்கு. கால்நடையாகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, அங்கே ஒரு மின்சாதனக் கடையில் சார்ஜர் விசாரிப்பது. அடுத்துச் செட்டியார் தெரு, நகைக்கடை ஒன்றில் மனைவிக்குக் காதணி பார்ப்பது. பிறகு 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியே வெள்ளவத்தை. கடைசியாகக் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றினால் மரைன் டிரைவுக்கு.

ஒவ்வொரு தரிப்புக்கும் இரண்டு காரணம் வேண்டும். ஒன்று வெளியே சொல்லக்கூடியது: சார்ஜர், காதணி. மற்றது தொழிலுக்கானது: கடையின் கண்ணாடியில் தெரு தெரிகிறது, நகைக்கடைக்காரர் நீட்டும் முகக் கண்ணாடியில் வாசல் தெரிகிறது. திரும்பிப் பார்க்க இயல்பான காரணத்தைப் பாதையே கொடுக்க வேண்டும். குனிந்து சப்பாத்து நாடா கட்டும் பழைய உத்தி வேண்டாம். வெள்ளவத்தை ஒழுங்கைகள் இந்தக் காட்சிக்கென்றே அமைந்தவை போல நேராகவும் குறுகலாகவும் இருக்கின்றன. பின்தொடர்பவர் ஒன்றில் உள்ளே வர வேண்டும், வந்தால் வெறும் ஒழுங்கையில் தனியே தெரிவார். இல்லாவிட்டால் அடுத்த ஒழுங்கையால் சுற்றி ஓட வேண்டும், ஓடினால் மூச்சு வாங்கத் தெரிவார்.

பின்தொடர்வது ஒரு ஆள் அல்ல, ஒரு குழு. பழைய முறையில் மூன்று பேர்: ஒருவர் நேர் பின்னால், ஒருவர் அவருக்கும் பின்னால், ஒருவர் எதிர்ப்பக்க நடைபாதையில். திருப்பம் வரும்போது இடம் மாறிக்கொள்வார்கள். குறைந்தது நான்கு துணை நடிகர்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுச் சட்டை, ஒரு தொப்பி, ஒரு பை கொடுங்கள். சப்பாத்தை மட்டும் மாற்றாதீர்கள். உண்மையிலும் சட்டை மாற்றுவது இலகு, சப்பாத்து மாற்றுவது கடினம். முதலாம் குறுக்குத் தெருவில் கூட்டத்தின் கால்களுக்கிடையே குதி தேய்ந்த ஒரு மண்ணிறச் சப்பாத்தை ஒன்றரை விநாடி காட்டுங்கள். 40 நிமிடம் கழித்து வெள்ளவத்தைத் தரிப்பிடத்தில், வேறு சட்டைக்குக் கீழே, அதே தேய்ந்த குதி பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து இறங்கட்டும். வசனம் எதுவும் வேண்டாம், அதிகாரியின் முகத்தில் மாற்றமும் வேண்டாம். அவர் பக்கத்துச் சைவக் கடைக்குள் போய் ஒரு பிளேன்டீ சொல்கிறார். பார்வையாளருக்குப் புரிந்துவிடும்.

மூன்று மணி நேரத்தை மூன்று நிமிடமாகச் சுருக்கும்போது களைப்புக் காணாமல் போவது அடுத்த பிழை. தண்ணீர்ப் போத்தலின் மட்டம் குறையட்டும். முதுகில் வியர்வை பரவட்டும், அதற்கு நீர் தெளிக்கும் போத்தல் ஒன்று போதும், வெளிர்நீலச் சட்டையில் நன்றாகத் தெரியும். சூரியன் கொழும்பில் வருடம் முழுக்க ஏறத்தாழ 6 மணிக்கும் ஆறரைக்கும் இடையே மறையும். கடைசிக் காட்சியை ஐந்தே முக்காலுக்கு மரைன் டிரைவில் வைத்தால் வெளிச்சமே நேரத்தைச் சொல்லிவிடும்.

கைத்தொலைபேசியை என்ன செய்வது என்று எழுதுபவர்கள் திணறுவதுண்டு. அது கையில் இருந்தால் போன இடமெல்லாம் பதிவாகும். அணைத்துவிட்டால் அணைத்த நேரமே ஒரு தடயம். வழக்கமாக வைக்கும் இடத்தில், சார்ஜில், ஒலித்தபடி அது கிடப்பதுதான் நம்பும்படியானது. ஆளில்லாத மேசையில் அது அதிரும் ஒரு ஷொட் எடுத்து வையுங்கள், தொகுப்பில் கட்டாயம் உதவும்.

படி 5: கைமாற்றம்

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எதிரெதிரே நடந்து வருபவர்கள் கடக்கும் கணத்தில் பொருளைக் கைமாற்றுவது. பிரஷ் பாஸ் என்று பெயர். இதற்குத் தேவை பின்னால் வருபவரின் பார்வை சில விநாடி அறுபடும் ஓர் இடம்: படிக்கட்டின் திருப்பம், தூணின் மறைவு, கட்டட மூலை. புறக்கோட்டையின் பழைய கடைத்தொகுதிகளில் இப்படியான படிக்கட்டுகள் நிறைய. உரிமையாளரிடம் கேட்டுக் காலை 8 மணிக்கு முன் எடுத்துவிடுங்கள்.

நடிகர்களுக்கு ஒத்திகை அவசியம். உள்ளங்கைக்குள் அடங்கும் தீப்பெட்டி அளவுப் பொருளோடு தொடங்குங்கள். கொடுப்பவர் கை கீழே தொங்கியபடி, உள்ளங்கை பின்பக்கம் பார்க்க இருக்கும். வாங்குபவர் கை ஒரு சாண் முன்னே வரும். நடை வேகம் மாறக்கூடாது, கண் சந்திக்கக்கூடாது. புதியவர்கள் இரண்டிலும் தவறுவார்கள்: கடக்கும்போது அரை அடி தயங்குவார்கள், கடந்ததும் கையைப் பொக்கற்றுக்குள் திணிப்பார்கள். வாங்கிய கை இன்னும் மூன்று அடி அப்படியே தொங்கிப் போக வேண்டும். 30 தடவை செய்தால் சரிவரும். படத்தில் பொருள் கைமாறும் கணம் ஒரு விநாடிக்குமேல் இருக்கக்கூடாது.

மற்றது, ஓரிடத்தில் ஒளித்துவைத்துவிட்டுப் போவது. இதற்கு அடையாளம் மூன்று தேவை: வைக்கப் போகிறேன், வைத்துவிட்டேன், எடுத்துவிட்டேன். ஏம்ஸ் வொஷிங்டனில் ஒரு தபாற்பெட்டியில் சோக்கட்டியால் கோடிட்டார். எஃப்.பி.ஐ.யில் இருந்துகொண்டே ரஷ்யர்களுக்குத் தகவல் விற்ற ரொபர்ட் ஹன்சன் வெர்ஜினியாவில் பூங்கா ஒன்றின் நடைபாலத்துக்கு அடியில் குப்பைப் பையில் சுற்றிப் பொதி வைத்தார், 2001 பெப்ரவரி 18 அன்று அங்கேயே பிடிபட்டார். கொழும்புக்கு இவற்றை அப்படியே கொண்டுவந்தால் வேலை செய்யாது. சோக்கட்டிக் கோடு ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் அரை மணி நேரமும் தாங்காது. சுவர் என்றால் மறுநாள் டியூஷன் சுவரொட்டி மேலே வந்துவிடும். பொலித்தீன் பையைக் காகம் கிழிக்கும், காலையில் கூட்டுபவர் அள்ளிக்கொண்டு போவார். இந்தத் தடங்கல்களையே கதையாக்குங்கள். வைத்த பொதியை மதிலின் மேலிருந்து ஒரு காகம் பார்த்துக்கொண்டிருப்பது துப்பாக்கியைவிடப் பயமூட்டும்.

துப்பாக்கி பற்றி ஒரே விடயம். சைலன்ஸர் வெடியை 'புஸ்' என்று ஆக்காது. 160 டெசிபெல் அளவிலான சத்தத்தில் 20 முதல் 35 வரைதான் குறையும், மிச்சம் தெரு முழுக்கக் கேட்கும். பொது இடத்தில் பொம்மைத் துப்பாக்கியையும் எடுக்காதீர்கள். இந்த நகரத்தில் அது விளையாட்டல்ல.

படி 6: கடதாசி வேலை

சந்திப்பு முடிந்ததும் அதிகாரி குடிக்கப் போவதில்லை, எழுதப் போவார்: யாரைக் கண்டார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், எவ்வளவு கொடுத்தார். பற்றுச்சீட்டும் உண்டு. உளவின் பெரும்பகுதி இதுதான், இந்தத் தீவுக்கே அதில் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். கண்டியில் இயங்கியபோது, அதன் இரகசிய ஆவணப் பதிவகத்தை நடத்தியவர் பிற்காலத்தில் சமையற்கலையால் உலகப் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட். கொழும்பில் அதே போரில் பிரித்தானியக் கடற்படை வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டுக் குறியீடுகளை உடைத்தது. 1942இல் ஜப்பானியத் தாக்குதல் வரப்போகிறது என்று அவர்கள் சரியாகவே அறிந்தார்கள், ஆனால் ஏப்ரல் 1 அளவில் எதிர்பார்த்தார்கள். கடற்படை வெளியே போய்க் காத்திருந்து, எரிபொருள் நிரப்பத் திரும்பிய பின், ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று விமானங்கள் வந்தன. ஆள் சரி, இடம் சரி, நாள் பிழை. ஏஜென்ட் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த தாள், மேசையில் இரண்டு நாள் பிந்தி வாசிக்கப்படும் ஒரு காட்சி இந்த மண்ணுக்கே உரியது.

2009க்கு முந்தைய கொழும்பைக் காட்டுபவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. அந்த நகரத்தில் சோதனைச் சாவடியும் அடையாள அட்டையும் லொட்ஜ் அறையின் பொலிஸ் பதிவும் தமிழரின் அன்றாடம். 'உளவு' என்ற சொல் பலர் வீட்டில் இன்னும் வலிக்கும். அதை வெறும் பின்னணி அலங்காரமாக வைக்காதீர்கள். அட்டையைக் காட்டுவதானால் அந்தக் காலத்து அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருந்தன, 12 இலக்க அட்டை பிறகு வந்தது. முழுப் போலி அட்டை அச்சிடாதீர்கள், சட்டச் சிக்கல். விரல்கள் மறைத்த ஒரு விளிம்பு போதும்.

கமரா, ஒலி, அனுமதி

இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கைத்தொலைபேசி வழக்கமாக விநாடிக்கு 30 பிரேமில் எடுக்கும், டியூப்லைட் கடைக்குள் படம் துடிக்கும். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று முதலே மாற்றிவிடுங்கள். யாரும் கண்காணிக்காத காட்சிகளை 35 மில்லிமீட்டர் லென்ஸில் கிட்ட நின்று எடுங்கள். கண்காணிப்பு இருக்கும் காட்சிகளை வீதிக்கு எதிர்ப்பக்கமிருந்து 85 அல்லது 135இல் எடுங்கள். இந்த ஒழுங்கைக் கடைசிவரை மீறாவிட்டால், பின்தொடர்பவரைக் காட்டாமலே பார்வையாளர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லி 60 விநாடி சுற்றொலி பதியுங்கள். மரைன் டிரைவில் காற்றும் ரயிலும் வசனத்தைத் தின்னும். சட்டைக்குள் சிறு மைக், அதற்குப் பஞ்சு உறை. பாதைக் காட்சிக்கு இசை போடாதீர்கள்.

வீதியில் முக்காலி வைக்கப் பொலிஸிடமும் மாநகர சபையிடமும், ரயிலிலும் நிலையத்திலும் எடுக்க ரயில்வே திணைக்களத்திடமும், ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடமும் எழுத்தில் அனுமதி எடுங்கள். கோட்டையில் துறைமுகம், கடற்படைத் தலைமையகம், ஜனாதிபதி மாளிகைப் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். வெள்ளவத்தைத் தண்டவாளத்தில் நடிகரை நடக்க விடாதீர்கள், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

கடைசிச் சோதனை

முதல் தொகுப்பு முடிந்ததும் கதை தெரியாத ஐந்து பேரை இருத்தி, ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் இரண்டே கேள்வி: பொருள் எங்கே கைமாறியது? யார் பின்தொடர்ந்தார்? ஐந்து பேரும் படிக்கட்டைச் சொன்னால் காட்சி நீளம், ஆறு பிரேம் வெட்டுங்கள். ஒருவரும் சொல்லாவிட்டால் வாங்கிய கை தொங்கும் அந்த மூன்று அடியை ஒரு விநாடி நீட்டுங்கள். இரண்டு பேர் மட்டும் சொல்லி, மற்ற மூன்று பேரும் "எங்கே? திரும்பப் போடுங்கோ" என்று கேட்டால் தொகுப்பைப் பூட்டிவிட்டு ஒலிக்கலவைக்குப் போகலாம்.